கே. எஸ். கிருஷ்ணனும் ஆவியாகும் எலக்ட்ரான்களும்

நான் அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலையில் சூளைப் பிரிவு இன்ஜினீயர். 1,450 டிகிரியில் கல்லும் மண்ணும் கொஞ்சம் உருகி, மிச்சம் கட்டியாகவே உருண்டு கிளிங்கர் ஆவதைப் பார்க்கும்போதெல்லாம் கே. எஸ். கிருஷ்ணன் ஞாபகம்தான்.

1898-ல் வத்திராயிருப்பில் பிறந்தவர். மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி, பிறகு 1920-ல் கல்கத்தா. 1928-ல் ராமன் விளைவுக்கான சோதனைகளில் ராமனோடு கூடவே நின்றவர். பரிசு ராமனுக்கு. பரீட்சையிலும் ராமனைத்தான் கேட்பார்கள்!

எனக்குப் பிடித்தது அவருடைய பிற்கால வேலை. 1947-ல் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் ஆனார். வெப்பம் என்பது துகள்களின் ஆட்டம்தானே? உலோகத்தை நன்றாகச் சுடவைத்தால், தண்ணீரிலிருந்து ஆவி கிளம்புகிற மாதிரி, வேகம் மிஞ்சிய எலக்ட்ரான்கள் வெளியே தாவும். கிருஷ்ணனும் எஸ். சி. ஜெயினும் ஒரு வெற்றறையைச் சூடாக்கினார்கள். உள்ளே எலக்ட்ரான் வாயு நிறைந்தது. சின்னத் துளை வழியே கசிவதை அளந்து, 1952-ல் கிராஃபைட்டின் கணக்கை வெளியிட்டார்கள். எவ்வளவு எளிய யுக்தி பாருங்கள்.

1961-ல் காலமானார்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கிறித்தவக் கல்லூரியில் அவர் வேதியியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தபோது மதிய இடைவேளையில் யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம். பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளும் வருவார்களாம். பெரம்பலூரில் நம்ம கல்லூரியிலும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் அப்படி வைக்கலாமே? சங்கம் சரின்னு சொன்னால் அரியலூரிலிருந்து பஸ் ஏறி நான் வந்துடறேன்.