சமிக்ஞை புரியாத நாள்

திருகோணமலையின் ஓர்ஸ் ஹில் மேட்டிலிருந்து பார்த்தால் துறைமுகத்தின் நீர்ப்பரப்பு கண்ணில் படும். அரச அலுவலகங்கள் அமைந்த அப்பகுதிக்கு அன்றாடம் பணிக்குச் செல்வோர், மேலதிகாரிக்கும் கீழ்ப்பணியாளருக்கும் இடையே முளைக்கும் மனக்கசப்பை நன்கு அறிவார்கள். 1782ஆம் ஆண்டில் அத்தகைய மனக்கசப்பு இத்துறைமுகத்தில் ஒரு கடற்படையையே அலைக்கழித்தது.

அப்படையின் தலைவர் பியேர் அந்த்ரே தெ சுஃப்ரேன். 1729இல் பிரான்சின் புரோவான்ஸ் பகுதியில் பிறந்தவர். மால்டாவின் புனித யோவான் சபையைச் சேர்ந்த வீரத்துறவி. பருத்த உடலும் உணவுப் பிரியமும் கசங்கிய உடையுமாகத் திரிந்தாலும், கடற்போரில் அவருக்கு நிகரானோர் சிலரே. ஆனால் முன்கோபி. தமது திட்டத்தைத் தம் நெஞ்சுக்குள்ளேயே பூட்டி வைப்பார். கப்பல் தலைவர்களை அமர்த்தி விளக்கும் பொறுமை அவருக்கில்லை. தாம் நினைப்பதை அவர்கள் தாமாகவே உணர்ந்துகொள்ள வேண்டும் என எதிர்பார்த்தார். ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு எதிரே நடந்த போருக்குப் பின், சிலரைப் பதவியிலிருந்து நீக்கவும் செய்தார்.

ஆகஸ்டு இறுதியில் திருகோணமலைக் கோட்டைகள் அவர் வசமாயின. செப்டெம்பர் தொடக்கத்தில் எட்வர்டு ஹியூஸின் 12 ஆங்கிலப் போர்க்கப்பல்கள் தென்பட்டன. சுஃப்ரேனிடம் 14 இருந்தன. துறைமுகம் கைக்கு வந்துவிட்டதே, போர் எதற்கு என அவருடைய அதிகாரிகள் தயங்கினர். அவர் செவிசாய்க்கவில்லை. வரிசை சீர்ப்படாத நிலையில், தாம் ஏற்றிய கொடிச் சமிக்ஞையை வலியுறுத்த ஒரு பீரங்கியை வெடிக்கச் செய்தார். சுடுவதற்கான கட்டளை இதுவே என அவரது கப்பலின் பீரங்கியாளர்களே தவறாக எண்ணிவிட்டனர். ஏனைய கப்பல்களும் தூரத்திலிருந்தே சுடத் தொடங்கின. போரின் பெரும் சுமை அவரது கப்பலோடு சேர்த்து மூன்றின்மேல் விழுந்தது. அவரது கப்பலின் நடுப்பாய்மரம் கொடியோடு சாய்ந்தது. சரணடைந்துவிட்டார் என ஆங்கிலேயர் ஆரவாரித்தனர். அவரோ வேறு கொடிகளை ஏற்றச் சொல்லிப் போரைத் தொடர்ந்தார். காற்றுத் திசை மாறியதால் தப்பினார். துறைமுகம் திரும்பும் வழியில் லோரியான் என்ற கப்பல் தரைதட்டி அழிந்தது.

சமிக்ஞைப் பிழை பகைவர் கப்பலில் நிகழவில்லை, அவர் நின்றிருந்த தளத்திலேயே நிகழ்ந்தது. ஆயினும் தலைவர்கள் தம்மைக் கைவிட்டதாக அமைச்சருக்கு எழுதினார். அக்குற்றச்சாட்டு முற்றிலும் பொய்யன்று. பின்தங்கி நின்றோர் உண்டு. எனினும், குற்றம் செய்த சகோதரரிடம் தனியே சென்று பேசும்படி மத்தேயு நற்செய்தியில் ஆண்டவர் காட்டும் வழி வேறல்லவா? அவரது கடிதம் பிரான்சை அடையப் பல மாதங்கள் ஆகும். குற்றம் சாட்டப்பட்டவர்களோ கூப்பிடு தூரத்தில் இருந்தனர். நான்கு கப்பல் தலைவர்கள் பதவி விலகிச் சென்றனர்.

1783 ஜூன் 20 அன்று, கடலூருக்கு எதிரே மீண்டும் போர். இம்முறை அரசரின் ஆணைப்படி, வரிசைக்கு வெளியே ஒரு சிறு கப்பலில் நின்று படையை நடத்தினார். திட்டமும் எளிது. 15 கப்பல்களும் வரிசை குலையாது நின்றன. 18 கப்பல்களுடன் வந்த ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினார். ஆனால் ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதல் உடன்படிக்கை ஜனவரி 20ஆம் நாளே கையெழுத்தாகியிருந்தது! ஐந்து மாதம் பிந்திய அச்செய்தி, மாண்டவர்களுக்கு உதவவில்லை.

நாடு திரும்பும் வழியில் நன்னம்பிக்கை முனையில் தங்கியபோது, தம்மோடு போரிட்ட ஆங்கிலக் கப்பல் தலைவர்களே தேடிவந்து மரியாதை செலுத்தினர். அது அவரைப் பெரிதும் மகிழ்வித்தது. 1788 டிசம்பர் 8ஆம் நாள், அன்னையின் அமல உற்பவத் திருவிழாவன்று, பாரிசில் காலமானார்.