டி. பூன்: சில நூறு டாலரும் ஒரு வேனும்

கல்ச்சுரல்ஸுக்கு ஷார்ட் ஃபிலிம் எடுக்கலாம்னு கிளம்பி, கேமரா வாடகையைக் கேட்டதும் பிளானையே தூக்கிப் போட்டவரா நீங்க? அப்போ டி. பூனைப் பத்திக் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க.

அவரோட பங்க் பேண்ட் 'மினிட்மென்'. வேலை செஞ்ச இடத்துல ரேடியோவில் கறுப்பினத்தவரின் சோல் இசையைக் கேட்க மேலாளர் விடலை. அந்தக் கோபத்தில் பூன் எழுதிய பாட்டு, 'திஸ் எயின்ட் நோ பிக்னிக்'. அதுக்கு வீடியோ எடுக்கக் கையில இருந்தது சில நூறு டாலர்தான். ஆனா வில்லன் யார் தெரியுமா? அப்போதைய அமெரிக்க ஜனாதிபதி ரொனால்ட் ரீகன்!

ரீகன் சினிமா நடிகரா இருந்தப்போ, இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அரசு எடுத்த பயிற்சிப் படம் ஒன்றில் விமானியாக நடித்திருந்தார். அரசுப் படம் என்பதால் காப்புரிமைத் தொல்லை இல்லை. அதிலிருந்து காட்சிகளை வெட்டி, பேண்ட் வாசிக்கிற காட்சிகளோடு ஒட்டிட்டாங்க. மேலே ரீகன் குறிபார்த்துத் தாக்குகிறார், கீழே மூணு பேரும் அசராம வாசிக்கிறாங்க. சம்பளமே இல்லாத நடிகர்!

பூன் 1958-ல் பிறந்தவர். வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸின் துறைமுகப் பகுதியான சான் பெட்ரோவில், உழைக்கும் குடும்பத்தில். 13 வயசுல பார்க்கில் ஒரு மரத்திலிருந்து, தன் நண்பன்னு நினைச்சு வேற ஒரு பையன் முன்னாடி குதிச்சார். அந்தப் பையன்தான் மைக் வாட். பசங்க தெருவில் சுத்தி வம்புல மாட்டக்கூடாதுன்னு பூனோட அம்மா ரெண்டு பேரையும் வாசிக்க வெச்சாங்க. கிட்டாருக்கு ட்யூனிங்னு ஒண்ணு இருக்குன்னே ரொம்ப நாள் தெரியாதாம்!

1980-ல் மினிட்மென். டிரம்ஸுக்கு ஜார்ஜ் ஹர்லி. முதல் ரெக்கார்டில் 7 பாட்டு, மொத்தமே 7 நிமிஷத்துக்குள்ள. வாடகை குறைவுன்னு நடுராத்திரியில் ஸ்டுடியோவுக்குப் போவாங்க, டேப் கூட பழசுதான். சாமான்களைத் தாங்களே வேனில் ஏத்தி இறக்குவாங்க. இதுக்கு அவங்க வெச்ச பேரு 'எகானோ'. 1984-ல் வந்த 'டபுள் நிக்கல்ஸ் ஆன் தி டைம்' இரட்டை ஆல்பத்தில் 40-க்கும் மேல் பாட்டுகள். 'ஜாக்கேஸ்' பார்த்தவங்களுக்குத் தெரிஞ்ச அந்தத் தொடக்க கிட்டார் இதிலுள்ள 'கொரோனா'வில் வருவதுதான். வைரஸ் இல்லைங்க, பீர் பாட்டில். மெக்சிகோ போனப்போ காலி பாட்டில் பொறுக்கிய ஒரு ஏழைப் பெண்ணைப் பார்த்துப் பூன் எழுதியது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது அவரோட கிட்டார் செட்டிங். கீழ் அதிர்வெண்களை வெட்டிட்டு ட்ரெபிளை மட்டும் ஏத்தி வைப்பார். கிட்டார் மெலிசா கீச்சுன்னு கேட்கும், பேஸும் டிரம்ஸும் அமுங்காம தெளிவா வரும். பேண்டில் யாரும் யாருக்கும் மேல இல்லைங்கிற அரசியலை, ஈசிஇ பசங்களே, அவர் ஈக்வலைசரில் செஞ்சு காட்டினார்.

1985 டிசம்பரில் ஆர்.இ.எம். பேண்டோடு சுற்றுப்பயணம் முடிஞ்சது. அதே மாசம் 22-ஆம் தேதி, அரிசோனா பாலைவனச் சாலையில் வேன் விபத்து. காய்ச்சலோட பின்பக்கம் படுத்திருந்த பூன் வெளியே தூக்கி எறியப்பட்டு இறந்தார். வயசு 27. மினிட்மென் அன்னிக்கே முடிஞ்சது.

வாட் கொஞ்ச காலம் பேஸைத் தொடவே இல்லை. பிறகு ஒரு ரசிகர் விடாமல் வற்புறுத்தியதால், அவரையும் ஹர்லியையும் சேர்த்து 'ஃபயர்ஹோஸ்' ஆரம்பிச்சார். அதுக்கப்புறம் தன்னோட ஆல்பங்களை எல்லாம் அவர் சமர்ப்பிப்பது டி. பூனுக்குத்தான்.