கடிதத்தால் திறந்த கதவு

தறியை நம்பி வாழ்ந்த குடும்பம் அது. ஸ்காட்லாந்து நாட்டு டன்ஃபர்ம்லின் நகரில், 1835-ல் பிறந்தான் ஆண்ட்ரூ கார்னகி. நீராவித் தறி வந்தது, கைத்தறி வீழ்ந்தது, நெசவாளியின் வீட்டிலே அடுப்பு அணைந்தது. 1848-ல் கடல் கடந்தனர். அமெரிக்காவின் அலெகனி நகரிலே, பஞ்சாலையில் நூற்கண்டு மாற்றும் வேலை அந்தச் சிறுவனுக்கு. வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட்!

பின்னர் தந்தி கொண்டு ஓடும் பையனானான். அவ்வூரிலே ஆண்டர்சன் என்ற படைத் தளபதி, தம் வீட்டு நூல்கள் நானூற்றை உழைக்கும் சிறுவர்க்குச் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்து வந்தார். பிறகு அந்த நூல்நிலையம் விரிந்தது, விதியும் முளைத்தது. தொழில் பழகுவோருக்கு மட்டுமே இலவசமாம். தந்திப் பையன் ஆண்டுக்கு 2 டாலர் கட்ட வேண்டுமாம்! அவன் கால் தேய ஓடுவது உழைப்பாகாதா? 1853-ல் பத்திரிகைக்கு எழுதினான், பதினேழு வயதுக் கார்னகி. விதி வளைந்தது, கதவு திறந்தது.

அந்தச் சிறுவன் எஃகுக் கோமானான். 1892-ல் அவனுடைய ஹோம்ஸ்டெட் ஆலையிலே கூலிக் குறைப்பு, கதவடைப்பு. முதலாளி ஸ்காட்லாந்திலே ஓய்வில். நிர்வாகி ஃபிரிக், கூலிக் காவலர் முந்நூறு பேரைப் படகிலே ஏவினான். துப்பாக்கி வெடித்தது. இருபுறமும் பிணங்கள். சங்கம் நொறுங்கியது. 1898-ல் அதே ஆலையருகே அழகிய நூல்நிலையம்! பன்னிரண்டு மணி நேரம் உலை முன் வெந்தவன், எந்தக் கண்ணால் ஏடு படிப்பான்? 1904-ல் வீலிங் நகரத்துத் தொழிலாளர், வாக்குச் சீட்டாலேயே அவன் பணத்தை மறுத்தனர்.

1919-ல் கார்னகி மறைந்தான். அவன் பணத்தில் எழுந்த நூல்நிலையங்கள் மொத்தம் 2,509. கட்டடத்துக்குத்தான் அவன் பணம். நிலம் தருவதும், கொடையில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் செலவிடுவதும் ஊரின் கடமை என்றான். ஆக, சுவரிலே அவன் பெயர். செங்கல்லிலே தொழிலாளியின் வியர்வை. விளக்கெரிப்பது மக்களின் வரிப்பணம்.

தோழர்களே! நாம் அவனைத் தொழவும் வேண்டாம், தூற்றி ஓயவும் வேண்டாம். கோமான் கார்னகி தந்ததை எண்ணுவதைவிட, தந்திப் பையன் கார்னகி கேட்டதை நினைவில் வைப்போம். இன்று நூல்நிலையம் கைபேசிக்குள்ளே வந்துவிட்டது. இணையவழி இரவல், இணையவழி வாசிப்பு வட்டம்; வரவேற்கிறோம். ஆனால், கைபேசி இல்லாதவன் எங்கே படிப்பான்? இரவு ஷிப்டு முடித்து வருபவன் எந்த நேரத்திலே கலந்துகொள்வான்? கூட்டத்தின் நேரத்தைக் குறித்தவர் யாரை மனத்தில் வைத்துக் குறித்தார்?

பொது நூல்நிலையம் சீமான் போட்ட பிச்சையன்று. வரி கொடுத்தவனின் உடைமை. உடைமைக்காரன் வாசலிலே நிற்கலாகாது. பதினேழு வயதிலே ஒருவன் எழுதிய அந்தக் கடிதத்தை, அவரவர் ஊரிலே நாமும் எழுதுவோம்!