கான்பெராவை வரைந்து லக்னோவில் துயில்பவர்

பிறந்த ஊரை விட்டு நெடுந்தொலைவு சென்று, சென்ற இடத்தையே தம் இடமாகக் கொண்டு உழைத்தவர்களின் வரலாறு நம் போன்றோர்க்குத் தனிச்சுவை உடையது. அத்தகைய ஒருவர் நாம் வாழும் இந்த லக்னோ நகரிலேயே மறைந்து, நிஷாத்கஞ்சுக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பதை நம் சங்கத்து அன்பர்களில் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அவரே ஆஸ்திரேலியாவின் தலைநகரைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் வால்டர் பர்லி கிரிபின்.

கிரிபின் 1876-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சிகாகோவை அடுத்த மேவுட் என்னும் ஊரில் பிறந்தார். 1899-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின், புகழ்மிக்க பிராங்க் லாயிட் ரைட்டின் அலுவலகத்தில் சில ஆண்டுகள் பணியாற்றினார். அங்கே படம் வரைவதில் இணையற்றவராக விளங்கிய மாரியன் மஹோனி என்னும் மங்கையைச் சந்தித்தார். அவர் கிரிபினைவிட ஐந்தாண்டு மூத்தவர். அமெரிக்காவில் கட்டடக் கலைஞராகத் தொழில் புரிய உரிமம் பெற்ற முதற்பெண்மணிகளுள் ஒருவர். இவ்விருவரும் 1911-இல் மணந்தனர். அன்று தொட்டு அவர்களுடைய இல்லறமும் தொழிலும் இரண்டாகப் பிரியவில்லை.

அக்காலத்தில் ஆஸ்திரேலிய அரசினர் புதுத் தலைநகர் ஒன்றை அமைக்க விரும்பி, உலகெங்குமுள்ள கலைஞர்களிடமிருந்து திட்டங்களைக் கோரினர். கிரிபின் அந்நாட்டைக் கண்ணாலும் கண்டதில்லை. அரசினர் வெளியிட்ட நிலப்படங்களைக் கொண்டு அங்குள்ள குன்றுகளையும் ஆற்றையும் ஆராய்ந்தார். குன்றுகளை வெட்டாமல், அவற்றை நோக்கியே வீதிகள் செல்லுமாறும், மொலாங்லோ ஆற்றைத் தடுத்து நகர் நடுவே ஏரி அமையுமாறும் திட்டம் வகுத்தார். அதனை மாரியன் துணியின்மீது எழில்மிகு ஓவியங்களாகத் தீட்டினார். 1912-இல் முதற்பரிசு கிட்டியபொழுது கிரிபினுக்கு வயது 35.

ஆயினும் பரிசு கிடைத்ததும் தொல்லையும் தொடங்கியது. அதிகாரிகள் குழு ஒன்று அவருடைய திட்டத்தை ஒதுக்கிவிட்டு, பலருடைய திட்டங்களிலிருந்து பகுதிகளை எடுத்து ஒட்டித் தானே ஒரு திட்டம் தயாரித்தது. இதைப் பலரும் கண்டிக்கவே, 1913-இல் கிரிபினே வரவழைக்கப்பட்டுத் தலைநகரின் வடிவமைப்புக்கும் நிர்மாணத்துக்கும் இயக்குநராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மனைவியோடு ஆஸ்திரேலியா சென்று குடியேறினார். தங்கை ஜெனிவீவும், அவர் கணவரும் கட்டடக் கலைஞருமான லிப்பின்காட்டும் அவர்களோடு கடல் கடந்தனர்.

கோப்புகளுக்கிடையே காலம் கழிக்கும் நமக்கு அதன்பின் நடந்ததை விளக்க வேண்டியதில்லை. வேண்டிய விவரங்கள் வந்து சேரவில்லை; வேலை நகரவில்லை. உலகப் போரினால் பணமும் சுருங்கிற்று. 1916-இல் அமைந்த விசாரணைக் குழு, கிரிபினுக்கு அதிகாரிகள் இடையூறு செய்தது உண்மையே என்று கண்டது. எனினும் நிலைமை பெரிதும் சீர்படவில்லை. 1920-இன் இறுதியில், தலைமைப் பொறுப்பின்றி ஆலோசனைக் குழுவில் ஓர் உறுப்பினராக மட்டும் இருக்க இசையாமல், அப்பணியை விட்டு விலகினார்.

வேறொருவராயின் மனம் கசந்து தாயகம் திரும்பியிருப்பார். கிரிபின் தம்பதியர் அவ்வாறு செய்யவில்லை. மெல்போர்னில் நியூமன் கல்லூரியையும், 1924-இல் திறக்கப்பட்ட கேபிடல் திரையரங்கையும் உருவாக்கினர். சிட்னியில் காசில்கிராக் என்னும் குடியிருப்பை அமைத்தனர். அங்குச் சாலைகள் மலைச்சரிவைத் தழுவி வளைந்து சென்றன. வீடுகள் அவ்விடத்துக் கல்லாலேயே தாழ்வாகக் கட்டப்பட்டன. மாரியன் பாறைச் சரிவில் திறந்தவெளி அரங்கம் கண்டு, அண்டை வீட்டாரைக் கூட்டி நாடகங்கள் நடத்தினார். தமக்கு மக்கட்பேறு இல்லாத அவ்விருவரும் அக்குடியிருப்பையே பெரிய குடும்பமாகப் பேணினர். பின்னர்ப் பொருளாதார மந்தம் வந்து வேலை குறைந்தபொழுது, ஊர்க் குப்பையை எரிக்கும் உலைக்கூடங்களை வடிவமைக்கவும் கிரிபின் தயங்கவில்லை. அவற்றையும் அழகிய கட்டடங்களாகவே ஆக்கினார்.

1935-இல் லக்னோப் பல்கலைக்கழக நூலகத்துக்குத் திட்டம் வரையுமாறு அவருக்கு அழைப்பு வந்தது. அவர் அப்பொழுது அறுபதை நெருங்கிக் கொண்டிருந்தார். சில மாதங்களே தங்க எண்ணி வந்தவரை இந்நாடு ஈர்த்துக் கொண்டது. மேனாட்டுக் கட்டடங்களைப் படியெடுக்காமல் இந்நாட்டுத் தட்பவெப்பத்துக்கும் மரபுக்கும் ஏற்பப் புதியன படைக்க வேண்டும் என விரும்பினார். தாம் கண்டவற்றையெல்லாம் மனைவிக்கு நீண்ட கடிதங்களாக எழுதினார். 1936-இல் மாரியனும் வந்து சேர்ந்தார். பயனியர் பத்திரிகைக்குக் கட்டடம், ஐக்கிய மாகாணத் தொழில், விவசாயப் பொருட்காட்சிக்கு மண்டபங்கள் என வேலைகள் குவிந்தன. ஏறத்தாழ பதினைந்து மாத காலத்தில் அவர் வரைந்த திட்டங்கள் மிகப் பல. கட்டி முடிந்தவை சிலவே. நூலகமும் அவர் கருதியபடி எழவில்லை.

1937 பிப்ரவரியில் கிங் ஜார்ஜ் மருத்துவமனையில் அவருக்குப் பித்தப்பையில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் வயிற்றினுள் அழற்சி கண்டு, பிப்ரவரி 11-ஆம் நாள் காலமானார். வயது அறுபதே. மாரியன் எஞ்சிய அலுவல்களை ஒழுங்கு செய்துவிட்டுச் சிட்னி சென்று, அங்கிருந்து சிகாகோவை அடைந்தார். தம் நினைவுகளையும் கணவரின் கடிதங்களையும் சேர்த்து ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட பெருநூல் ஒன்றை எழுதினார். அது அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. 1961-இல் அவரும் மறைந்தார்.

1964-இல் கான்பெராவின் நடுவே ஏரி நிறைந்தது. அதற்குக் கிரிபினின் பெயரையே சூட்டினர். ஆனால் அவருடைய கல்லறையோ, மறைந்து அரை நூற்றாண்டு கழியும்வரை பெயர்ப் பலகையும் இன்றிக் கிடந்தது. 1988-இல்தான் அதற்கு அடையாளக் கல் அமைந்தது.

வந்த ஊரின் மண்ணை அறிந்து அதற்கு இசைய வாழ்வதும், தொழிலில் இல்லாளைச் சமமாகக் கொள்வதும், இடையூறு கண்டு கசப்படையாமல் அடுத்த பணியைத் தொடங்குவதும் அவர் வாழ்க்கையிலிருந்து நாம் பெறத்தக்கவை. பிறந்த மண்ணுக்கு நெடுந்தொலைவில் உள்ள ஊரில் கண்மூடியவரை, அவ்வூரில் குடியேறி வாழும் நாம் நினைப்பது முறையே. நம் காலனிச் சிறுவர் சிறுமியரை ஒரு ஞாயிற்றுக்கிழமை நிஷாத்கஞ்சுக்கு அழைத்துச் சென்று, அக்கல்லின்மீது சில மலர்களை வைத்து வருவோமாக.