தாத்தா இரட்டைமலை சீனிவாசனார்

நீண்ட ஆயுள் பெற்றோர் பலர். அந்த ஆயுளைத் தம் குடும்பத்திற்கும் தாம் பிறந்த சமுதாயத்திற்கும் பங்கிட்டு அளித்தவர் சிலரே. அச்சிலருள் முன்வரிசையில் நிற்பவர் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். எண்பத்தைந்து வயதைக் கடந்து வாழ்ந்த அப்பெரியவரை நம் மக்கள் உரிமையோடு தாத்தா என்றே அழைக்கின்றனர். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவர் வரலாற்றை இளைஞர்கள் அறிந்துகொள்வது கடமையாகும்.

சிப்பாய்க் கிளர்ச்சி அடங்கிய சில ஆண்டுகளுக்குள், சூலைத் திங்கள் 7ஆம் நாள், செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். நம் சோழவரமும் நெடுங்காலம் அதே செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்ததே; 1997ஆம் ஆண்டில்தான் திருவள்ளூர் தனி மாவட்டமாயிற்று. ஆகவே அவர் நமக்கு அயலார் அல்லர். நம் மண்ணின் மைந்தரே.

பிழைப்பை நாடி ஊர் பெயர்ந்த குடும்பத்தில் வளர்ந்த சீனிவாசனார் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். அங்குப் பயின்ற சுமார் 400 மாணாக்கருள் பத்துப் பேரைத் தவிர ஏனையோர் பிராமணர் என்று பிற்காலத்தில் அவரே எழுதியுள்ளார். தம் குலமும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, அவர் பிற பிள்ளைகளோடு கூடி விளையாடுவதில்லை. பள்ளி தொடங்கும் வரை வெளியிலேயே புத்தகம் படித்துக்கொண்டிருப்பார். வகுப்பு முடிந்ததும் எவரும் வினவுமுன் விரைந்து வீடு திரும்புவார். அறிவு இருந்தும், ஆர்வம் இருந்தும், தன் பெயரையும் ஊரையும் சொல்ல அஞ்சிய அந்தச் சிறுவனை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். அவ்வச்சத்தை வென்ற வரலாறே அவருடைய வாழ்க்கை வரலாறு.

கல்விக்குப் பின் நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினார். 1887இல் ரெங்கநாயகி அம்மையாரை மணந்து இல்லறம் ஏற்றார். நிலையான ஊதியமும் குளிர்ந்த மலை வாழ்வும் போதும் என்று அவர் இருந்திருக்கலாம். ஆனால் 1890இல் சென்னைக்கு வந்து சமுதாயப் பணியில் இறங்கினார். குடும்பத் தலைவன் பொதுப்பணியில் இறங்கும்போது அதன் சுமையில் பாதியை இல்லாள் தாங்குகிறாள். நூல்கள் அவ்வம்மையாரைப் பற்றி மிகுதியாகப் பேசுவதில்லை. நாமாவது நன்றியுடன் நினைத்தல் வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் சீனிவாசனாரின் தங்கை தனலட்சுமி அம்மையாரை மணந்தவர். பண்டிதர் பௌத்த நெறியைத் தழுவினார். சீனிவாசனாரோ அரசியல் உரிமையையே முதன்மையாகக் கொண்டார். வழி வேறாயினும் குறி ஒன்றே.

சென்னையில் பறையர் மகாஜன சபையைக் கண்ட அவர், 1893 அக்டோபரில் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். எச்சொல்லைக் கூறி உலகம் இழிவு செய்ததோ, அச்சொல்லையே தலைப்பில் பொறித்தார். பள்ளி வாயிலில் பெயரை மறைத்து நின்ற சிறுவன், அப்பெயரை அச்சிட்டுத் தெருத்தெருவாக விற்பனைக்கு அனுப்பும் ஆடவனாக உயர்ந்துவிட்டான்! முதல் இதழில் சுமார் 400 படிகள் இரண்டே நாள்களில் சென்னையில் விற்றன. திங்கள் இதழாகத் தோன்றியது விரைவில் வார இதழாகி, 1900ஆம் ஆண்டு வரை நடைபெற்றது. இடையில் ஒரு கடிதத்தை வெளியிட்டதற்காக ஆசிரியர் நீதிமன்றத்திற்கு இழுக்கப்பெற்று 100 ரூபாய் அபராதம் செலுத்த நேர்ந்தது. அப்போதும் அவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரில்லை.

அதே 1893இல், சிவில் சர்வீஸ் தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. கல்வி வாய்ப்பே பெறாத நம் மக்கள்மீது உயர்சாதி அதிகாரிகளின் ஆட்சியே வலுப்பெறும் என்பதைச் சீனிவாசனார் உணர்ந்தார். 3,412 பேரின் கையொப்பத்துடன் 112 அடி நீளமுள்ள எதிர்ப்பு மனுவை ஆங்கிலேயப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிவைத்தார். பள்ளிக்கூடமே அரிதாயிருந்த காலத்தில் ஒவ்வொரு கையொப்பமும் எத்துணை முயற்சியின் பயன் என்பதை எண்ணிப் பாருங்கள்!

1904இல் இங்கிலாந்து செல்லும் நோக்கத்துடன் புறப்பட்டவர், தென்னாப்பிரிக்காவில் தங்கி, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். காந்தியடிகளுக்குத் தமிழில் கையொப்பமிடக் கற்பித்தவரும் இவரே என்பர். அறுபது வயதளவில் தாயகம் திரும்பினார். பலர் ஓய்வை நாடும் அவ்வயதில் அவருடைய பெரும்பணி தொடங்கிற்று.

1923இல் சென்னைச் சட்டசபை உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். பொதுச் சாலை, கிணறு, குளம், அலுவலகம் ஆகியவற்றை எல்லா மக்களும் தடையின்றிப் பயன்படுத்தும் உரிமைக்காக ஆர். வீரையன் முதலிய உறுப்பினர்களோடு அவரும் வாதாடினார். 1924, 1925ஆம் ஆண்டுகளில் அரசு அவ்வுரிமையை ஆணையாக ஏற்று வெளியிட்டது. மது ஏழைக் குடும்பங்களைச் சீரழிப்பது கண்டு அதனைக் கட்டுப்படுத்தவும் குரல் கொடுத்தார்.

எழுபது வயதில், 1930இலும் 1931இலும், அண்ணல் அம்பேத்கருடன் இலண்டன் வட்டமேசை மாநாடுகளில் கலந்துகொண்டார். ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தீண்டாமை என்றால் என்னவென்று வினவியபோது, நம் மக்களில் ஒருவன் தெருவில் விழுந்து கிடந்தாலும் மேற்சாதியார் தூக்கிவிட மாட்டார் என்று விளக்கி, மன்னரைத் திடுக்கிடச் செய்ததை அவர் எழுதியுள்ளார். 1932 செப்டம்பர் 24இல் ஏற்பட்ட பூனா ஒப்பந்தத்தில் அவரும் கையொப்பமிட்டார். தனித்தொகுதி உரிமை கைவிடப்பட்டது. ஆயினும் சென்னை மாகாணத்திற்கு 30 இடங்கள் ஒதுக்கப்பெற்றன.

ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்கள் முறையே 1926, 1930, 1936ஆம் ஆண்டுகளில் அவரை வந்தடைந்தன. 1939இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்ட பெரியவர், 1945 செப்டம்பர் 18இல் இயற்கை எய்தினார். சென்னை ஓட்டேரியில் துயில்கொள்ளும் அவருக்கு இந்திய அரசு 2000ஆம் ஆண்டில் அஞ்சல்தலை வெளியிட்டது.

இளைஞர்களே! இன்று நீங்கள் கல்லூரிகளுக்கும் கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலைகளுக்கும் செல்கின்றீர்கள். எந்த ஊர், எந்தத் தெரு என்று எவரேனும் வினவும்போது உங்களில் சிலர் குரல் தாழ்வதை ஆசிரியனாகிய நான் அறிவேன். அத்தாழ்வு உங்கள் குற்றமன்று. ஆனால் அதிலேயே நின்றுவிடுதல் வேண்டா. தாத்தாவும் அங்கிருந்தே புறப்பட்டார். கல்வி, விடாமுயற்சி, குடும்பப் பொறுப்பு, சமுதாயப் பற்று ஆகிய நான்கையும் துணையாகக் கொண்டு நடந்தார். பெயரைத் தலைநிமிர்ந்து சொல்லுங்கள். அப்பெயருக்குப் பெருமை சேருமாறு வாழுங்கள்.

வாழ்க அவர் புகழ்! வளர்க நம் கல்விப் பணி!