பிலிப் ஹென்றி கோஸ்

பிலிப் ஹென்றி கோஸ் (ஏப்ரல் 6, 1810 – ஆகஸ்ட் 23, 1888) இங்கிலாந்தைச் சேர்ந்த ஓர் இயற்கையியலாளரும் நூலாசிரியரும் ஆவார். கடல்வாழ் உயிரினங்களை வீட்டில் கண்ணாடித் தொட்டிகளில் வளர்க்கும் வழக்கத்தைப் பரவலாக்கியவர் இவர். அக்வேரியம் என்னும் சொல் இன்றுள்ள பொருளில் நிலைபெற்றது 1854 இல் இவர் வெளியிட்ட நூலினாலேயே ஆகும். பறவைகள், பூச்சிகள், கடற்சாமந்திகள், நுண்ணுயிர்கள் எனப் பல துறைகளில் எழுதியுள்ளார். படிவளர்ச்சிக் கொள்கையை ஏற்காதவர் என்பதாலும் இவர் பெயர் நினைவுகூரப்படுகிறது.

இளமைக்காலம்

இவர் இங்கிலாந்தின் வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் கோஸ் ஊர் ஊராகச் சென்று சிற்றுருவ ஓவியங்கள் வரைந்து பிழைத்தவர். வருவாய் குறைந்த அக்குடும்பம் டார்செட் மாவட்டத்தின் பூல் துறைமுகத்தில் குடியேறியது. அங்கு இவருடைய அத்தை சூசன் பெல் இவருக்கு ஓவியமும் விலங்கியலில் ஆர்வமும் ஊட்டினார். தந்தையிடமிருந்து வந்த நுண்ணோவியத் திறன் பிற்காலத்தில் இவருடைய நூல்களின் படங்களில் வெளிப்பட்டது.

15 வயதிலேயே ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். 1827 இல் நியூபவுண்ட்லாந்துத் தீவின் கார்போனியர் என்னும் ஊருக்கு அனுப்பப்பட்டார். மீன் வணிகத்துக்குக் கணக்கெழுதிய நேரம் போக, பூச்சிகளைச் சேகரித்தார். 1832 இல் நுண்ணோக்கி பற்றிய பழைய நூலொன்றை வாங்கிப் படித்ததும், கிறித்தவ சமயத்தில் தீவிர ஈடுபாடு கொண்டதும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தன. இவ்விரண்டும் இறுதிவரை இவரை விட்டு நீங்கவில்லை.

1835 இல் கனடாவின் காம்ப்டன் பகுதியில் நிலம் வாங்கிப் பயிரிட்டார், பயிர்த்தொழில் கைகொடுக்கவில்லை. 1838 இல் அமெரிக்காவின் அலபாமாவுக்குச் சென்று தோட்ட முதலாளிகளின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்தார். அங்கு அடிமைகள் நடத்தப்பட்ட முறை இவரைப் பெரிதும் வருத்தியது. அடுத்த ஆண்டே நாடு திரும்பினார். 1840 இல் வெளிவந்த கனடிய இயற்கையியலாளர் என்னும் நூலே இவரை எழுத்தாளராக்கியது.

ஜமைக்கா

1844 இல் உயிரின மாதிரிகள் சேகரிப்பதற்காக ஜமைக்காவுக்குச் சென்ற கோஸ், ஏறத்தாழ 18 மாதங்கள் அங்குத் தங்கினார். அதன் விளைவாக ஜமைக்காவின் பறவைகள் என்னும் நூல் 1847 இல் வெளியானது. அத்தீவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹில் என்பவர் உதவியதை அந்நூலின் தலைப்புப் பக்கத்திலேயே கோஸ் குறிப்பிட்டுள்ளார். உள்ளூரார் அளித்த தகவல்களைத் தம்முடையவைபோல் எழுதுவது பலருக்கும் வழக்கமாயிருந்த காலம் அது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

1848 இல் சமய எழுத்தாளரான எமிலி போவ்ஸ் என்பவரை மணந்தார். மறு ஆண்டு மகன் எட்மண்ட் பிறந்தார். மகன் பிறந்த செய்தியையும், ஜமைக்காவிலிருந்து பச்சைநிறத் தகைவிலான் குருவி ஒன்று வந்துசேர்ந்த செய்தியையும் அன்றைய நாட்குறிப்பில் அடுத்தடுத்துப் பதிந்துள்ளார்.

கடல்நீர்த் தொட்டி

கடல் உயிர்களைத் தொட்டியில் வளர்க்க முயன்ற முதல் மனிதர் கோஸ் அல்லர். பிரான்சு நாட்டவரான ஜான் வில்ப்ரே-பவர் 1830களில் சிசிலித் தீவில் கண்ணாடித் தொட்டிகளை ஆய்வுக்குப் பயன்படுத்தினார். அன்னா தின் என்னும் பெண்மணி 1840களில் இலண்டனில் பவளங்களை உயிருடன் வைத்திருந்தார். வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன் நன்னீரிலும் பின்னர்க் கடல்நீரிலும் சோதனைகள் செய்தார். இவர்களுள் பலருடைய பெயர்கள் கோஸின் புகழால் மறைக்கப்பட்டன எனலாம். 1845 இல் இங்கிலாந்தில் கண்ணாடி வரி நீக்கப்பட்டதால் கண்ணாடி மலிவானதும் இவ்வளர்ச்சிக்குத் துணைபுரிந்தது.

உடல்நலக் குறைவு காரணமாக 1852 இல் டெவன் கடற்கரைக்குச் சென்ற கோஸ், அலை வடிந்தபின் பாறைக் குழிகளில் தேங்கும் நீரை ஆராயத் தொடங்கினார். அக்குழிகளில் நிகழ்வதையே தொட்டியிலும் நிகழ்த்தலாம் என்பது இவருடைய எண்ணம். விலங்குகள் உயிர்வளியைப் பயன்படுத்திக் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. கடற்பாசிகள் ஒளியின் துணையால் அதை எடுத்துக்கொண்டு உயிர்வளியைத் திருப்பித் தருகின்றன. இவ்விரண்டையும் சரியான அளவில் சேர்த்து வைத்தால் நீரை மாற்ற வேண்டியதில்லை என அவர் கண்டார். இவ்விளக்கம் ஒரு பகுதியே. விலங்குக் கழிவிலுள்ள நச்சான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்களைப் பற்றி அன்று எவரும் அறிந்திருக்கவில்லை. புதிய தொட்டிகளில் உயிர்கள் காரணம் விளங்காமல் இறந்ததற்கு இவ்வறியாமையும் ஒரு காரணமாகும்.

1853 இல் இலண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் விலங்கியல் கழகம் திறந்த மீன்காட்சியகத்துக்குக் கோஸ் உயிரினங்களைச் சேகரித்து வழங்கினார். பொதுமக்களுக்காக அமைக்கப்பட்ட முதல் மீன்காட்சியகம் இதுவே. மறு ஆண்டு தி அக்வேரியம் வெளியானது. வண்ணப் படங்களுடன் வந்த அந்நூலில் உளுவை வகை மீன்கள், பிளெனி மீன்கள், பதினைந்து முள் கொண்ட ஸ்டிக்கில்பேக், ராஸ் மீன் முதலியவை இடம்பெற்றன. இவையெல்லாம் இங்கிலாந்தின் குளிர்ந்த கரையோர மீன்கள். இன்று வீட்டுத் தொட்டிகளில் பெரிதும் விரும்பப்படும் கோமாளி மீன் வெப்பமண்டலக் கடலுக்குரியது; சூடேற்றும் கருவியில்லாத அக்காலத் தொட்டியில் அது பிழைத்திருக்காது. அன்றைய வீட்டுத் தொட்டியில் மீனைவிடக் கடற்சாமந்திக்கே முதலிடம். அது இருந்த இடத்திலேயே இருக்கும். குறைந்த உணவில் நெடுநாள் வாழும்.

கடலிலிருந்து தொலைவில் வாழ்வோருக்குக் கடல்நீர் கிடைப்பது அரிது. எனவே கோஸ் சமையல் உப்பு, எப்சம் உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு ஆகிய நான்கையும் நன்னீரில் கரைத்துச் செயற்கைக் கடல்நீர் தயாரிக்கும் முறையை வெளியிட்டார். கடல்நீரில் மிகச் சிறிதளவே உள்ள பொருள்களை விட்டுவிட்டார். அதில் கடற்சாமந்திகளும் பாசிகளும் வாழ்ந்தன.

நூல் நன்கு விற்றது. 1850களில் தொட்டி வளர்ப்பு ஒரு மோகமாகவே மாறியது. கோஸ் மக்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று உயிரினங்களைக் காட்டும் வகுப்புகளும் நடத்தினார். உளியும் சுத்தியலும் கொண்டு வந்தவர்களால் பாறைக் குழிகள் விரைவில் வெறுமையாயின. தம் தந்தை நேசித்த கரை தந்தையின் நூல்களாலேயே அழிந்தது எனவும், அது அவருக்கு மிகுந்த துயரளித்தது எனவும் எட்மண்ட் பிற்காலத்தில் எழுதினார்.

ஓம்ஃபலோஸ்

1856 இல் கோஸ் அரச கழகத்தின் உறுப்பினரானார். மறு ஆண்டு பிப்ரவரியில் எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். சிறுவயது மகனுடன் கோஸ் டெவனில் உள்ள செயின்ட் மேரிசர்ச்சில் குடியேறினார்.

அவ்வாண்டின் இறுதியில் ஓம்ஃபலோஸ் நூல் வெளிவந்தது. கிரேக்கத்தில் இச்சொல்லுக்குத் தொப்புள் என்பது பொருள். தாய் வயிற்றில் பிறவாத ஆதாமுக்கும் தொப்புள் இருந்திருக்கும். அதுபோலவே, உலகமும் படைக்கப்பட்டபோதே பழமையின் தடயங்களுடன் படைக்கப்பட்டது என்பது நூலின் வாதம். மர வளையங்களும் புதைபடிவங்களும் நிகழாத காலத்தின் அடையாளங்கள் என்றார். இதனால் நிலவியலையும் விவிலியத்தையும் இணக்கப்படுத்திவிட்டதாக அவர் நம்பினார். அறிவியலாளர்கள் இதைப் பொருட்படுத்தவில்லை. கடவுளைப் பொய்ச்சான்று படைப்பவராக்குகிறது எனச் சமயத்தவரும் வருந்தினர். இவருடைய நண்பரான சார்லஸ் கிங்ஸ்லியும் அவர்களுள் ஒருவர். இவ்வாதத்தைப் பொய்யென்று எந்தச் சோதனையாலும் நிறுவ முடியாது என்பதே அதன் பெருங்குறையாகும்.

பிற்காலம்

இத்தோல்விக்குப் பின்னரே இவருடைய சிறந்த அறிவியல் நூலான பிரித்தானியக் கடற்சாமந்திகள், பவளங்கள் பற்றிய ஆய்வு (1858–1860) முழுமை பெற்றது. 1860 இல் எலைசா பிரைட்வென்னை மணந்தார். டார்வினின் கொள்கையை ஏற்காவிடினும் அவருடன் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். முதுமையில் ஆர்க்கிடு மலர்களை வளர்த்தார், சி. டி. ஹட்சனுடன் இணைந்து ரோட்டிஃபர் நுண்ணுயிர்கள் பற்றிய விரிவான நூலை 1886 இல் நிறைவு செய்தார். 1888 இல் செயின்ட் மேரிசர்ச்சில் காலமானார்.

எட்மண்ட் 1890 இல் தந்தையின் வரலாற்றை எழுதினார். 1907 இல் அவர் வெளியிட்ட தந்தையும் மகனும் என்னும் நூல் கோஸை இறுக்கமான சமயவாதியாகக் காட்டியது. பலரும் அறிந்தது அந்தக் கோஸையே. ஆன் த்வெய்ட் 2002 இல் எழுதிய வாழ்க்கை வரலாறு, அச்சித்திரத்தின் சில பகுதிகளை ஐயத்துக்குரியனவாகக் காட்டி, மகனிடம் அன்பு கொண்ட ஒரு தந்தையை முன்வைத்தது.