தந்தையும் கேட்ட கதை

எங்கள் கல்லூரி முற்றத்திலே, புற்றரையின் நடுவே, நான்கு கால்களின்மேல் ஒரு வெண்ணிறப் பெட்டி நின்றது. அதன் பக்கங்கள் சாய்ந்த சட்டங்களால் ஆனவை; காற்று உட்புகும், வெயில் உட்புகாது. உள்ளே வெப்பமானிகள் இருந்தன. பூமிசாத்திர ஆசிரியர் அதனை ஸ்டீவன்சன் பெட்டி என்று சொல்லித்தந்தார். அதே ஆண்டில் ஆங்கில பாடத்திலே ‘புதையல் தீவு’ என்னும் நாவலைப் படித்தோம். அதனை எழுதியவரின் பெயரும் ஸ்டீவன்சன். இரண்டும் ஒரே வீட்டுப் பெயர் என்பதை அக்காலத்தில் எவரும் எனக்குச் சொல்லவில்லை. பெட்டியை அமைத்தவர் தந்தை. புத்தகத்தை எழுதியவர் மகன். பின்னாளில் இதனை அறிந்தபோது, அந்த நாவலுக்குப் பின்னால் வேறொரு கதை மறைந்திருப்பதையும் கண்டேன். அதனையே இங்கு சொல்ல விழைகின்றேன்.

றொபேட் லூயி ஸ்டீவன்சன் 1850ஆம் ஆண்டு நவம்பர் 13ஆந் திகதி ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிலே பிறந்தார். பெற்றோருக்கு அவர் ஒரே பிள்ளை. அவர் பிறந்த குடும்பமோ வெளிச்சவீடுகளைக் கட்டிய குடும்பம். கடல் வற்றும் வேளையில் மாத்திரம் தலைகாட்டும் பெல் றொக் என்னும் பாறையின்மீது பாட்டனார் எழுப்பிய வெளிச்சவீடு 1811இல் ஒளிவீசத் தொடங்கியது. பெரியதந்தையார் அலன், ஸ்கெரிவோர் பாறையை வென்றவர். தந்தையார் தோமஸ் ஸ்டீவன்சனும் அவ்வழியே சென்றார். வெளிச்சவீட்டு விளக்கின் கதிர்களைச் சிதறாமல் ஒருமுகப்படுத்தும் முறையைச் செம்மைசெய்தவர்களுள் அவர் ஒருவர். கடமையும் வேதமுமே இரு கண்களெனக் கொண்ட கண்டிப்பானவர். தம் மகனும் கடலோரப் பாறைகளிலே கற்கோபுரங் கட்டுவான் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை.

மகனோ நோஞ்சான். இருமலும் காய்ச்சலுமாகப் பல இரவுகள் உறக்கமின்றிக் கழிந்தன. செவிலியான அலிசன் கனிங்ஹாம் வேதாகமக் கதைகளையும் ஸ்கொத்லாந்து மதத் தியாகிகளின் வரலாறுகளையும் படித்துக்காட்டுவாள். அவற்றைக் கேட்ட பிள்ளை தீக்கனாக் கண்டு அலறி எழுவதும் உண்டு. அப்போது தந்தையார் வந்து கட்டிலருகே அமர்வார். அறிவுரை எதுவுங் கூறமாட்டார். குதிரைவண்டிச் சாரதியுடனும் சத்திரக்காரனுடனும் தாம் பேசுவதுபோலக் கற்பனையாக ஒரு சம்பாஷணையைத் தொடங்குவார். அந்த இல்லாத மனிதரின் பேச்சைக் கேட்டுக்கேட்டே பிள்ளையின் அச்சம் தணியும்.

இதில் ஓர் இரகசியம் உண்டு. கணக்கும் கல்லும் அளந்த அந்தப் பெரியவர், தாம் உறங்குவதற்கும் கதையையே துணைக்கொண்டார். படுக்கையிற் சாய்ந்ததும், கப்பல்கள், வழிச்சத்திரங்கள், கொள்ளையர், கிழமாலுமிகள் என்று தமக்குத்தாமே ஒரு கதை புனையத் தொடங்குவார். எந்தக் கதையும் முடிவெய்தியதில்லை. அதற்குமுன் நித்திரை வந்துவிடும். இப்படி ஒருநாளல்ல, வாழ்நாள் முழுவதும்.

இத்தகைய தந்தைக்கும் மகனுக்கும் இடையிலேதான் பெரும் பிளவு ஏற்பட்டது. 1867இல் லூயி எடின்பரோ சர்வகலாசாலையிற் பொறியியல் கற்கச் சேர்ந்தார். மனம் அதில் ஒட்டவில்லை. 1871இல், தமக்கு எழுத்தே தொழில் என்று தந்தையிடம் சொன்னார். தலைமுறைகளாக வந்த தொழில் தம்மோடு நின்றுவிடுமே என்ற துயரை விழுங்கிக்கொண்டு, சட்டமாவது படி என்று தந்தையார் இணங்கினார். மகன் 1875இல் நியாயவாதியானார். ஆயினும் அத்தொழிலை நடத்தினாரென்று சொல்வதற்கில்லை. இதனினுங் கொடியது 1873இல் நேர்ந்தது. மதத்திலே தமக்குப் பழைய நம்பிக்கை இல்லையென்பதை லூயி மறைக்காது கூறினார். அன்றுமுதல் அந்த வீடு இழவுவீடு போலாயிற்று. ஒருவரையொருவர் உயிராக நேசித்த இருவர், ஒருவரையொருவர் வதைத்துக்கொண்டே வாழ்ந்தனர்.

1879இல் லூயி வீட்டாரிடம் சொல்லாமலே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். தாம் காதலித்த பனி ஒஸ்போர்ன் என்னும் பெண்மணியைத் தேடிச் சென்று, வறுமையாலும் நோயாலும் சாவின் வாயில்வரை போய் மீண்டார். செய்தியறிந்த தந்தையார் கோபத்தை ஒதுக்கிவைத்து, ஆண்டுக்கு 250 பவுண் தருவதாகத் தந்தியனுப்பினார். 1880இல் திருமணம் நடந்தது. மனைவியோடும் அவளுடைய மகன் லொயிட்டோடும் லூயி தாயகந் திரும்பினார். பகை தீர்ந்தது. ஆனால் இருவரும் மனங்கலந்து பேசுதற்குரிய பொருள் ஒன்று இன்னும் வாய்க்கவில்லை.

அது 1881ஆம் ஆண்டிலே, ஸ்கொத்லாந்து மலைநாட்டிலுள்ள பிறேமர் என்னும் ஊரில் வாய்த்தது. ஓயாத மழை. 13 வயதுச் சிறுவன் லொயிட் வீட்டுக்குள் அடைபட்டு வர்ணந்தீட்டிப் பொழுதுபோக்கினான். லூயியும் அவனோடு அமர்ந்தார். வர்ணத்தினின்று ஒரு தீவின் படம் உருவாயிற்று. படத்தினின்று கதை பிறந்தது. காலையில் ஓர் அத்தியாயம் எழுதுவார். பின்னர் குடும்பத்தாருக்கு அதனை உரக்க வாசிப்பார். 15 நாளில் 15 அத்தியாயங்கள்! சிறுவனுக்காக எழுதிய அக்கதைக்கு இன்னொரு சிறுவனும் சிக்கிக்கொண்டான். அவனுக்கு வயது 63. பெயர் தோமஸ் ஸ்டீவன்சன்!

இரவுதோறும் தாம் தொடங்கி முடிக்காது விட்ட கதையை மகன் வாயாற் கேட்கின்றாரல்லவா? தந்தையாரால் வாளா இருக்க முடியவில்லை. பில்லி போன்ஸ் என்னும் கடற்கொள்ளையனின் பெட்டியைத் திறக்கும் கட்டம் வந்தபோது, அதனுள் என்னென்ன பொருள்கள் இருந்திருக்கும் என்பதை ஒரு சட்ட ஆவண உறையின் பின்புறத்திலே வரிசையாக எழுதிக்கொண்டு வந்தார். அதற்காக ஒரு பகலின் பெரும்பகுதியைச் செலவிட்டிருப்பார் என்பது மகனின் ஊகம். அந்தப் பட்டியலை மகன் அப்படியே கதையிற் சேர்த்தார். பிளின்ற் கப்பித்தானின் பழைய கப்பலுக்கு வால்றஸ் என்று பெயரிட வேண்டும் என்பதும் தந்தையாரின் விருப்பமே.

கதையின் மிகுதி அந்தக் குளிர்காலத்திலே சுவிற்சலாந்தின் டாவோஸ் நகரில் முடிவுற்றது. சிறுவர் பத்திரிகையொன்றிலே 1881-82இல் தொடராக வந்து, 1883இல் நூலாயிற்று. அச்சுக்குப் போகும்போது மூலப்படம் தபாலிலே தொலைந்துபோயிற்று. கதைக்குப் பொருந்துமாறு அளவுகோலும் கவராயமுங் கொண்டு வேறொரு படம் வரையவேண்டியதாயிற்று. அது வரையப்பட்டது எங்கே? தந்தையாரின் அலுவலகத்திலே! வெளிச்சவீடுகளுக்குப் படம் வரைந்த அவ்விடத்திலே, இல்லாத தீவுக்குப் படம் வரைந்தனர். பலவகைக் கையெழுத்தும் எழுதவல்ல தந்தையார், பிளின்ற் கப்பித்தானின் ஒப்பத்தைத் தம் கையாலேயே கள்ளமாக இட்டார். மகன் தம் தொழிலுக்கு வராத துயரை அந்த முதியவர் அன்றொருநாளாவது மறந்திருப்பார் என்று நான் எண்ணுவதுண்டு.

1887 மே மாதத்தில் தந்தையார் நோயுற்றுக் கிடந்தார். மகன் விரைந்து வந்தார். வந்தவர் இன்னாரென அறியும் நிலையில் தந்தையின் உள்ளம் இருக்கவில்லை. மே 8ஆந் திகதி அவர் காலமானார். அதே ஆண்டில் லூயி, தாயையும் அழைத்துக்கொண்டு பிரித்தானியாவை விட்டு நீங்கினார், மீண்டும் திரும்பவேயில்லை. பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவாத் தீவிலே குடியேறினார். அத்தீவு மக்கள் அவருக்குத் ‘துசித்தாலா’ என்று பெயரிட்டனர். கதை சொல்பவர் என்பது அதன் பொருள். 1894 டிசம்பர் 3ஆந் திகதி, தமது 44ஆவது வயதில், அங்கேயே மறைந்தார். அவ்வாண்டில்தான், தமது முதல் நாவல் பிறந்த வரலாற்றை ஒரு கட்டுரையாக வெளியிட்டிருந்தார். தந்தையாரின் பட்டியலும் கள்ள ஒப்பமும் அக்கட்டுரை வாயிலாகவே நமக்குத் தெரியவந்தன.

இந்த வரலாற்றைப் படிக்குந்தோறும் என் உள்ளம் என் தந்தையாரிடஞ் செல்லும். அவர் கணக்கேடுகளோடு வாழ்ந்தவர். கற்பனைக் கதைகளெல்லாம் அவருக்கு வீண்பொழுதென்று நானே முடிவுசெய்து, புத்தகத்தைப் பாடக் கொப்பியினுள் மறைத்துப் படித்தேன். ஓர் அத்தியாயத்தையேனும் அவருக்கு வாசித்துக்காட்டியதில்லை. விளக்கணைந்தபின் அவர் கண்மூடி எதனை நினைத்தாரோ, நான் ஒருநாளுங் கேட்டதில்லை. இனிக் கேட்க இயலாது.

ஆகவே, என்னிடம் பயிலும் மாணவர்க்கு நான் ஒன்று சொல்வதுண்டு. நீங்கள் படித்து மகிழும் கதையை இன்றிரவு வீட்டில் உரக்க வாசியுங்கள். அடுத்த அறையிலே கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்கக்கூடும்.